பிரஸ்ஸல்ஸில் ஒரு மனு: 'லாபி' ஆலோசகர்கள் என்னதான் செய்கிறார்கள்?

'லாபி' என்ற சொல் நம் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. ஐரோப்பாவில் மருந்து கம்பெனிகளின் லாபி, கார் கம்பெனிகளின் லாபி என்று படித்துவிட்டு, யாரோ யாருக்கோ பெட்டி கொடுத்துச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று கதையை நாமே முடித்துக்கொள்கிறோம். அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால், "தகவல் கொடுக்கிறோம், அவ்வளவுதான்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதிதான் இருக்கிறது. நடுவில் உள்ள வேலை என்ன, அது எப்படி நடக்கிறது என்று யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

மரத்தடியில் மனு எழுதுபவர்

திங்கட்கிழமை காலையில் ஏதாவது ஒரு கலெக்டர் அலுவலக வாசலுக்குப் போய்ப் பாருங்கள். குறைதீர்க்கும் நாள். மரத்தடியில் ஒரு ஸ்டூல், ஒரு பலகை, வெள்ளைத் தாள்களோடு மனு எழுதித் தருபவர் உட்கார்ந்திருப்பார். ஒரு பாட்டி வந்து பட்டா பிரச்சினையைச் சொல்லத் தொடங்குவார். கொழுந்தன் செய்த துரோகம், வரப்பை வெட்டிய கதை, போன வருஷம் யாரோ திட்டியது எல்லாம் வரும். அவர் குறுக்கிட்டு இரண்டே கேள்வி கேட்பார். "சர்வே நம்பர் என்னம்மா? உட்பிரிவு ஆயிருக்கா?" அப்புறம் அரைப் பக்கத்தில் எழுதி, எந்த அதிகாரி பெயருக்குப் போக வேண்டும், எந்தக் காகிதத்தின் நகலை இணைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்.

அவர் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது மூன்று விஷயம்: முடிவு யார் கையில் இருக்கிறது, எப்போது போனால் வேலை நடக்கும், அந்த நாற்காலிக்குப் புரியும் மொழி எது.

அதே மரத்தடியில் இன்னொருவரும் நிற்பார். "ஆபீஸ்ல ஆள் தெரியும், நான் பார்த்துக்கறேன், செலவாகும்" என்பவர். அவர் தரகர். இந்த இருவரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொள்வதால்தான் லாபி பற்றிய பேச்சு முழுவதும் குழம்புகிறது.

சரி, இரண்டு சொற்களுக்குப் பொருள் வைத்துக்கொள்வோம். அரசு ஒரு முடிவை எடுக்கும் முன்போ எடுக்கும்போதோ, அந்த முடிவைத் தன் பக்கம் திருப்பச் செய்யும் முயற்சிதான் லாபி. கம்பெனி, தொழிற்சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பு, பல்கலைக்கழகம், நகராட்சி என்று யார் செய்தாலும் அது லாபிதான். அந்த முயற்சிக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டும் நிறுவனத்தைப் பொது விவகார ஆலோசனை நிறுவனம் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பொறுத்தவரை இத்தகைய நிறுவனங்கள் குவிந்திருக்கும் ஊர், பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸ்.

பேனா யார் கையில்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். அவற்றுக்குப் பொதுவான சட்டங்களைச் செய்வதில் மூன்று அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. ஒரு கல்யாணப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும்.

முதலில், இரு வீட்டுக்கும் பொதுவான ஒரு பெரியவர் உட்கார்ந்து, என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்று எழுதித் தருகிறார். அந்தப் பெரியவர்தான் ஐரோப்பிய ஆணையம். நாட்டுக்கு ஒருவராக 27 ஆணையர்கள், அவர்களுக்குக் கீழே துறைகள். பொதுவாக ஒரு சட்ட வரைவைத் தொடங்கும் உரிமை இந்த ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. நாடாளுமன்றத்துக்குக்கூட அந்த உரிமை இல்லை; வரைவு கொண்டுவாருங்கள் என்று அது கேட்கலாம், அவ்வளவே.

பிறகு இரு வீட்டார். ஒரு வீடு ஐரோப்பிய நாடாளுமன்றம்: மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 720 உறுப்பினர்கள். மற்றொரு வீடு கவுன்சில்: 27 நாடுகளின் அமைச்சர்கள். விவசாயம் என்றால் வேளாண் அமைச்சர்கள் கூடுவார்கள், வரி என்றால் நிதி அமைச்சர்கள். பெரியவர் எழுதியதை இரு வீடும் தனித்தனியாகப் படித்து, அடித்துத் திருத்தி, கடைசியில் ஒரே வாசகத்துக்குச் சம்மதித்தால்தான் பத்திரிகை அச்சாகும். இரு வீடும் பெரியவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி முடிக்கும் கட்டத்துக்கு முத்தரப்புப் பேச்சு என்று பெயர். பெரும்பாலான சட்டங்களின் கடைசி வடிவம் அந்த மூடிய அறையில்தான் முடிவாகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆணையம் எழுதுகிறது, நாடாளுமன்றமும் கவுன்சிலும் திருத்துகின்றன, மூவரும் உட்கார்ந்து முடிக்கிறார்கள். ஆலோசகர் விற்கும் அறிவு, இந்தப் பாதையில் பேனா இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பது.

ஒரு தேன் பாட்டிலின் கதை

உதாரணம் இல்லாமல் இதை விளக்கினால் காற்றில் பேசுவது போல இருக்கும். தேனை எடுத்துக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் பல சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒரு தேன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கச் சீட்டில் பொடி எழுத்தில், ஒன்றிய நாடுகளின் தேனும் வெளிநாட்டுத் தேனும் கலந்தது என்று ஒரு வரி இருக்கும். உலகத்தின் எந்த மூலையில் எடுத்த தேனுக்கும் அந்த வரி பொருந்தும். 2001-இல் வந்த தேன் சட்டம் அதை அனுமதித்தது. ஒன்றியம் தனக்குத் தேவையான தேனில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் தானே எடுக்கிறது. மீதி உக்ரைன், சீனா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து வரும் மலிவான தேனோடு விலையில் போட்டி போட முடியாத தேனீ வளர்ப்போர், எந்த நாட்டுத் தேன் என்று எழுதச் சொல்லுங்கள் என்று பல வருஷமாகக் கேட்டுவந்தார்கள்.

2023 மார்ச்சில் ஒரு ஆய்வறிக்கை வந்தது. ஒன்றியத்துக்குள் இறக்குமதியான தேனில் 320 மாதிரிகளை எடுத்துச் சோதித்ததில், 147 மாதிரிகளில் சர்க்கரைப்பாகு கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதாவது 46 சதவீதம். அடுத்த மாதமே, 2023 ஏப்ரலில், ஆணையம் திருத்தச் சட்ட வரைவை வெளியிட்டது. தேன், பழரசம், ஜாம், பால் பவுடர் எல்லாம் ஒரே கட்டில் வந்ததால் 'காலையுணவுச் சட்டங்கள்' என்று பெயர் விழுந்தது.

வரைவைப் பாருங்கள். கலவைத் தேனில் எந்தெந்த நாட்டுத் தேன் இருக்கிறது என்று பெயர்களை எழுத வேண்டும் என்றது. எவ்வளவு என்று எழுதச் சொல்லவில்லை. தேனீ வளர்ப்பவருக்கு இது பாதி வெற்றிதான். உள்ளூர்த் தேன் ஒரு கரண்டி, வெளிநாட்டுத் தேன் ஒரு குடம் என்று கலந்துவிட்டு, உள்ளூர்ப் பெயரை முதலில் போட்டுக்கொண்டால் யார் கேட்பது?

இப்போது ஒரு சிறு நாட்டின் தேனீ வளர்ப்போர் சங்கம் ஓர் ஆலோசகரிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சங்கத் தலைவர் நம் பாட்டியைப் போலவே மனக்குமுறலைக் கொட்டுவார். பூச்சிமருந்து, பருவநிலை, கடைக்காரர்களின் பேராசை, எல்லாமே உண்மை. ஆலோசகர் சர்வே நம்பரைக் கேட்பார்: "வரைவின் எந்தப் பிரிவில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும்?" யோசித்துப் பார்த்தால் விடை இரண்டே சொற்றொடர்: அளவின் இறங்குவரிசையில், சதவீதத்துடன். மனக்குமுறல் சட்ட வாசகமாக மாறும் இந்த இடம்தான், என் கணிப்பில், இந்தத் தொழிலின் உயிர்நாடி.

நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு வரைவுக்கும் ஒரு உறுப்பினரைப் பொறுப்பாளராக நியமிப்பார்கள். அவரை அறிக்கையாளர் என்கிறோம். மற்றக் கட்சிகளும் தங்கள் சார்பில் ஒருவரை அவரருகில் வைத்திருக்கும். தேன் வரைவு சுற்றுச்சூழல் குழுவுக்குப் போனது. எல்லா உறுப்பினர்களையும் துரத்த வேண்டியதில்லை. அந்த வரைவைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவு பேர்தான்.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்காது. தேனைக் கலந்து பாட்டிலில் அடைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு நியாயம் உண்டு. பூக்கும் பருவம் மாறினால் கலவை மாறும், கலவை மாறும்போதெல்லாம் சீட்டை மாற்றி அச்சடிக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. அது பொய்யான கேள்வி கிடையாது.

2024 ஜனவரி இறுதியில் முத்தரப்புப் பேச்சு முடிந்தது. நாடுகளின் பெயர்கள் இறங்குவரிசையில், சதவீதத்துடன். ஆனால் நான்கு நாடுகளுக்கு மேல் கலந்திருந்து, முதல் நான்கும் சேர்ந்து பாதிக்கு மேல் இருந்தால், அந்த நான்குக்கு மட்டும் சதவீதம் போட்டால் போதும் என்று ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் விதி வைத்துக்கொள்ளலாம். அந்தச் சலுகையில் எதிர்ப்பக்கத்தின் கவலைக்கும் இடம் கிடைத்திருப்பதைக் கவனியுங்கள். விதி நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஜூன் 14.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு பெரிய குறையிலிருந்து திருத்தக்கூடிய இரண்டு சொல்லைப் பிரித்தெடுத்து, அது சரியான மேசைக்குச் சரியான வாரத்தில் போகும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை.

இரண்டு பத்தித் தாள்

அந்த மேசைக்கு எந்த வடிவில் போகிறது? ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் திருத்தம் கொடுக்கும் தாள் இரண்டு பத்தியாக இருக்கும். இடப்பக்கம் ஆணையம் எழுதிய வாசகம். வலப்பக்கம் உறுப்பினர் முன்வைக்கும் வாசகம். மாறிய சொற்கள் மட்டும் தடித்த சாய்வெழுத்தில். கீழே ஏன் என்று ஓரிரு வரி.

தேர்ந்த ஆலோசகர் பத்துப் பக்கக் கட்டுரையை அனுப்புவதில்லை. இதே இரண்டு பத்தித் தாளை, அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி தயாரித்து அனுப்புகிறார். உறுப்பினரின் அலுவலகத்தில் இரண்டு மூன்று உதவியாளர்கள்தான்; ஒரே நேரத்தில் பல வரைவுகள். தயாராக வந்த தாள் அவர்களுக்கு வசதி.

அந்த வசதியில் ஆபத்தும் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை ஆணையம் 2012-இல் முன்வைத்தபோது, நாடாளுமன்றத்தில் ஏறக்குறைய 4,000 திருத்தங்கள் குவிந்தன. கம்பெனிகள் அனுப்பிய தாள்களையும் உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்களையும் 2013-இல் சிலர் அருகருகே வைத்து ஒப்பிட்டு, சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்த இடங்களைப் பொதுவெளியில் போட்டுக் காட்டினார்கள். பெரிய சலசலப்பு ஆனது. சட்டம் 2016-இல் நிறைவேறி, 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சமயம் உங்கள் மின்னஞ்சலில், எங்கள் தனியுரிமைக் கொள்கை மாறிவிட்டது என்று வரிசையாகக் கடிதங்கள் வந்ததே, அது இந்தச் சட்டத்தின் விளைவுதான்.

தாள் எழுதுவது போக, தினமும் எந்தக் குழுவில் என்ன நடந்தது என்று கண்காணித்து வாடிக்கையாளருக்குச் சொல்வது, யார் ஆதரவு யார் எதிர்ப்பு என்று பட்டியல் போடுவது, ஒத்த கருத்துள்ள அமைப்புகளைச் சேர்த்துக் கூட்டணி கட்டுவது ஆகியவையும் உண்டு. இவற்றில் கண்காணிப்புக்குத்தான் அதிக நேரம் போகும். மெனக்கெட்டுச் செய்ய வேண்டிய, சலிப்பூட்டும் வேலை.

தலைநகரங்களில் நடக்கும் மறுபாதி

பிரஸ்ஸல்ஸில் மட்டும் நடையாய் நடப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கவுன்சிலில் உட்காரும் அமைச்சர் பெர்லினிலிருந்தோ வார்சாவிலிருந்தோ வருகிறார். அவர் என்ன சொல்ல வேண்டும் என்று முடிவாவது அந்தந்தத் தலைநகரில்.

கவுன்சிலில் கணக்கு இப்படி: பெரும்பாலான விஷயங்களில் 27-இல் 15 நாடுகள் ஒப்ப வேண்டும், அந்த நாடுகளின் மக்கள்தொகை ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். இதற்குத் தகுதிப் பெரும்பான்மை என்று பெயர். தேனீ வளர்ப்பில் பேர்போன ஸ்லோவேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மே 20-ஐ உலகத் தேனீ நாளாக ஐ.நா. அறிவிக்கக் காரணமே அந்த நாடுதான். ஆனால் மக்கள்தொகை இருபது லட்சத்துச் சொச்சம். தனியாக நின்றால் கவுன்சிலில் அதன் எடை மிகக் குறைவு. பெரிய நாடுகளையும் கூடச் சேர்க்க வேண்டும். அதனால் ஒரு தலைநகரின் ஒரு அமைச்சகத்தில் நடக்கும் பேச்சு, பிரஸ்ஸல்ஸில் பத்துச் சந்திப்புகளை விடப் பலன் தரலாம்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31-இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு இந்த வாசல் அடைந்துவிட்டது. கவுன்சிலில் அவர்கள் அமைச்சர் இல்லை, நாடாளுமன்றத்தில் அவர்கள் உறுப்பினர் இல்லை. ஐரோப்பிய அளவிலான தொழில் சங்கங்களில் சேர்ந்து அவற்றின் வழியாகப் பேச வேண்டியிருக்கிறது.

தாமதம் என்றால் என்ன விலை?

நேரம் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் ஒரு சட்டம் எழுதியது. 2012-இல் அதன்கீழ் இலங்கைக்கு எச்சரிக்கை போனது. 2015 ஜனவரியில் இலங்கைப் படகுகள் பிடித்த மீனை ஒன்றியத்துக்குள் விடுவது நின்றது. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஏற்றுமதியை நம்பியிருந்தவர்களுக்குப் போன வருமானம் போனதுதான். தடை வந்தபின் அரசோடு அரசு பேசி நிபந்தனைகளை நிறைவேற்றலாம். சட்டத்தின் வாசகத்தைத் தொட முடியாது. அந்தப் பேனா பல வருஷத்துக்கு முன்பே மூடியாகிவிட்டது.

சட்டம் நிறைவேறிய செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு ஆலோசகரிடம் ஓடுபவர்கள் பந்தி முடிந்து இலை எடுத்தபின் வருபவர்கள். ஆணையத்தில் ஒரு துறையின் இளநிலை அதிகாரி முதல் வரைவைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது சொல்லும் ஒரு கருத்துக்கு உள்ள மதிப்பு, கடைசி வாக்கெடுப்பன்று ஆயிரம் மின்னஞ்சலுக்கும் வராது.

மரத்தடித் தரகர்

இனி, எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. லஞ்சம்?

இருக்கிறது, அது குற்றம். 2022 டிசம்பரில் பெல்ஜியம் போலீஸ் ஐரோப்பிய நாடாளுமன்றத்தோடு தொடர்புடையவர்களைக் கைது செய்து, லட்சக்கணக்கான யூரோ ரொக்கத்தைக் கைப்பற்றியது. வெளிநாட்டு அரசுகள் செல்வாக்கை விலைக்கு வாங்கின என்பது குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலரும் அந்த அரசுகளும் மறுக்கிறார்கள். குற்றச்சாட்டில் சொல்லப்படும் காரியம் தரகர் வேலை. மனு எழுதும் வேலையோடு அதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

சட்டத்துக்கு உட்பட்ட லாபிக்கு ஒரு வேலி போட முயன்றிருக்கிறார்கள். 2011-இல் தொடங்கிய வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் இன்று 12,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. ஆலோசனை நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் யார், ஒவ்வொருவரிடமும் தோராயமாக எவ்வளவு வாங்குகிறது என்று அதில் எழுத வேண்டும். 2014 டிசம்பர் முதல் ஆணையர்கள் தாங்கள் சந்திக்கும் லாபிக்காரர்களின் விவரத்தை வெளியிட வேண்டும். 2023-இல் நாடாளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும் அந்தக் கடமை வந்தது. 150 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள பரிசை உறுப்பினர் வாங்கக் கூடாது.

வேலியில் ஓட்டை இல்லாமல் இல்லை. நாற்காலியில் இருந்தவரே இறங்கி வந்து மறுபக்கம் உட்கார்வதைச் சுழல்கதவு என்கிறார்கள். ஆணையத்தின் தலைவராகப் பத்து ஆண்டு இருந்த ஜோசே மானுவேல் பரோசோ, பதவி முடிந்த 20 மாதங்களில், 2016 ஜூலையில், கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் சேர்ந்தார். அப்போதைய விதிப்படி காத்திருக்க வேண்டிய காலம் 18 மாதம்தான். விதி மீறப்படவில்லை, ஆனால் ஐரோப்பா முழுக்கக் கோபம். 2018-இல் அந்தக் காலத்தை ஆணையர்களுக்கு இரண்டு ஆண்டு, தலைவருக்கு மூன்று ஆண்டு என்று நீட்டினார்கள்.

என் மனதை அறுப்பது லஞ்சத்தைவிட வேறொன்று. எல்லாம் சட்டப்படி நடந்தாலும், முழுநேரம் கண்காணிக்க ஆள் வைக்கப் பணம் உள்ளவருக்கு மூன்று வருஷம் முன்பே தெரிகிறது. மலையில் முப்பது தேன்பெட்டி வைத்திருப்பவருக்கு பாட்டில் சீட்டு மாறிய பிறகு தெரிகிறது. கோபப்பட வேண்டிய இடம் இதுதான்.

காசு கொடுக்கும் முன்

ஆகவே சிறிய அமைப்புகளுக்கு ஒரு வார்த்தை. ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி, பொதுவில் கிடைப்பதைத் தேடித் தருவதற்கான கூலி. அதை நீங்களே செய்யலாம்.

ஆணையம் முக்கியமான விஷயங்களில் வரைவு எழுதும் முன்பே 12 வாரம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். வரைவு வெளிவந்தபின் மேலும் 8 வாரம் கருத்துச் சொல்ல இடம் உண்டு. இணையத்தில், ஒன்றியத்தின் 24 மொழிகளில் எதிலும் எழுதலாம், கட்டணம் இல்லை. ஏழு நாடுகளிலாவது பரவிய பத்து லட்சம் கையெழுத்துச் சேர்ந்தால், சட்டம் கொண்டுவாருங்கள் என்று ஆணையத்தைக் கேட்கும் குடிமக்கள் முன்முயற்சி என்ற வழியும் உண்டு. தண்ணீர் மனித உரிமை என்ற கோரிக்கைதான் அந்த எண்ணிக்கையை முதலில் தாண்டியது. 2020-இல் குடிநீர்ச் சட்டம் திருத்தப்பட்டபோது அதன் சுவடு அதில் இருந்தது. ஆனால் ஏழெட்டு வருஷம் பிடித்தது.

அப்படியும் ஆலோசகர் வேண்டும் என்றால், முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை இருக்கின்றன. எங்கள் வரைவு இப்போது எந்த மேசையில் இருக்கிறது? எதிர்ப்பக்கத்தில் உங்களுக்கு வாடிக்கையாளர் உண்டா? நாங்கள் கேட்பதை எத்தனை சொல்லில் எழுதுவீர்கள்? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்பவர் மனு எழுதத் தெரிந்தவர். அந்த ஆணையரோடு போன வாரம்தான் சாப்பிட்டேன் என்று தொடங்குபவராக இருந்தால், வீட்டுக்கு வந்து அந்த ஆணையர் வெளியிட்ட சந்திப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆலோசகர் பெயர் அதில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது.